ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள்

வகுப்புப் படங்களை இப்போது போனிலேயே எடுக்கிறோம். கழுவக் கொடுக்கும்போதுதான் அளவு இடிக்கிறது. அகலவாக்கில் எடுத்த போன் படம் பெரும்பாலும் 4:3. ஸ்டூடியோவில் நாம் கேட்கும் 4×6 அங்குலத் தாளோ 3:2. தாளை நிரப்பினால் படத்தின் உயரத்தில் 9இல் ஒரு பங்கு போய்விடும்: பின்வரிசைத் தலைகள், முன்வரிசைக் கால்கள். 16:9இல் எடுத்திருந்தால் பக்கங்கள் வெட்டுப்படும். ஓரத்துப் பிள்ளைகளே இருக்கமாட்டார்கள்.

ஆகவே எடுக்கும்போதே சுற்றிவர இடம் விடுவோம். "வெட்டாம, வெள்ளை ஓரம் விட்டுப் போடுங்க" என்று ஸ்டூடியோவில் சொல்வோம். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொகியுமென்டாக அனுப்புவோம். நீளப் பக்கத்தில் 1800 பிக்சல் இருந்தால் 6 அங்குலம் தெளிவாக வரும்.

கூச்சப்படும் பிள்ளைதான் அநேகமாக ஓரத்தில் நிற்கும். உம்மாவிடம் காட்ட அந்தப் பிள்ளைக்கும் படத்தில் முகம் இருக்க வேண்டும்.