முதுகு காட்டி ஆடிய ஆட்டம்

கொருக்குப்பேட்டையில் சாவு மேளம் கேட்டால் ஆம்பளைப் பசங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார்கள். பெண்களுக்கு வாசற்படி வரைக்கும்தான். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போதும் அப்படித்தான், கல்யாண ரிசப்ஷனிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். படியில் நிற்கும்போது கால் தானாகத் தட்டும். ஆயா கவனித்துவிட்டால் தொடையில் ஒரு கிள்ளு விழும். தாளம் தெரியாமல் வளர்ந்த பொம்பளைப் பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. அதைக் காலில் இறக்கிப் பார்க்கத்தான் இடம் இல்லை.

எனக்கு அந்த இடம் ஒரு மெஷின் மேல் கிடைத்தது. புரசைவாக்கம் பக்கம் ஒரு மால், மேல்மாடியில் கேம் ஜோன். கார் ரேஸ், துப்பாக்கி, கூடையில் பந்து போடுவது எல்லாம் தாண்டி ஒரு மூலையில், மற்ற எல்லாச் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு நின்றது டான்ஸ் மெஷின். முன்னால் பெரிய திரை, கீழே இரும்பு மேடை, மேடையில் காலால் மிதிக்கும் கட்டங்கள், பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. திரையில் அம்புகள் கீழிருந்து மேலே ஏறி வரும். உச்சியில் அசையாமல் நிற்கும் அம்பின் மேல் அது வந்து உட்காரும் நொடியில், அந்தக் கட்டத்தை மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் ‘பெர்ஃபெக்ட்’, கொஞ்சம் பிசகினால் ‘கிரேட்’, ‘குட்’, கோட்டை விட்டால் ‘மிஸ்’. பக்கத்தில் ஒரு பட்டை இருக்கும். கோட்டை விட விட அது தேய்ந்து, காலியானதும் பாட்டு பாதியிலேயே நின்றுவிடும். போட்ட காசு போச்சு.

எனக்குத் தெரிந்து டான்ஸ் மெஷினைத் தேடிக்கொண்டு கேம் ஜோனுக்குப் போனவர்கள் யாரும் இல்லை. கார் ரேஸுக்குப் போவார்கள். அங்கே வரிசை நீளமாக இருக்கும். நிற்கிற நேரத்தில் கண் அந்த மூலைக்குப் போகும். யாரோ ஒருத்தன் வியர்த்து வழிய ஆடிக்கொண்டிருப்பான், பின்னால் சின்னக் கூட்டம். கொஞ்ச நேரம் சிரிப்பாக இருக்கும். அப்புறம் சிரிப்பு நின்றுவிடும், கால் கணக்குப் போட ஆரம்பிக்கும். கூட்டம் கலைந்து யாரும் பார்க்கவில்லை என்று உறுதியானதும் மெதுவாக மேடையில் ஏறுவார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போன பெரியம்மா பையன் இப்படித்தான் ஏறினான். அண்ணன் தோற்றுவிட்டு இறங்கினதும், கார்டில் மீதிக் காசு இருந்ததால் நானும் ஏறினேன்.

இந்த விளையாட்டின் பூர்வீகம் ஜப்பான். கொனாமி கம்பெனி 1997-இல் ‘பீட்மேனியா’ என்று ஒரு மெஷினைக் கொண்டுவந்தது. அதில் கையால் தாளம் தட்ட வேண்டும். அடுத்த வருடம், 1998-இல், அதே எண்ணத்தைக் காலுக்கு மாற்றி ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ என்று இறக்கினார்கள். இடம், வலம், முன், பின் என்று நாலு அம்பு. 1999-இல் கொரியாவின் ஆண்டமிரோ கம்பெனி ‘பம்ப் இட் அப்’ என்று தன் பங்குக்கு ஒன்று செய்தது. அதில் அம்புகள் மூலைக்கு மூலை: மேலே இரண்டு சிவப்பு, கீழே இரண்டு நீலம், நட்ட நடுவில் ஒரு மஞ்சள். நான் ஏறினது இந்தக் கொரிய மெஷினில்தான். பீத்தோவனின் ‘பதேதீக்’ சொனாட்டாவின் மூன்றாம் பகுதியை அடித்து விரட்டுகிற மாதிரி வேகமாக்கி ‘பீத்தோவன் வைரஸ்’ என்று ஒரு பாட்டு அதில் இருந்தது. பீத்தோவன் எனக்கு அறிமுகமானது அப்படித்தான். கொரியப் பாட்டும் அப்படித்தான். இன்றைக்குத் தெருவுக்கு நாலு பிள்ளைகள் கொரியப் பாட்டு முணுமுணுக்கிறார்கள். அந்த மெஷினில் ஏறின எங்களுக்கு அது பழைய சரக்கு.

மெஷினில் ஏறாத நாட்களில் ஸ்டெப் பழக எங்களுக்குக் கிடைத்த இடம் ரயில்வே கேட். கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற லைனும், பீச்சிலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வருகிற லைனும் எங்கள் ஸ்டேஷனில்தான் கூடுகின்றன. போதாததற்குக் கூட்ஸ் யார்டு வேறு. கேட் போட்டால் லோக்கல் போகும், எக்ஸ்பிரஸ் போகும், திறக்கப் போகிறது என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு கூட்ஸ் வந்து அசைந்து அசைந்து போகும். பரீட்சைக்குப் போகிறவர்களும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அங்கே சாபம் விட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் அண்ணனும் நானும் ஓரமாக நின்று செருப்புக் காலால் ஸ்டெப் பழகுவோம். கட்டங்களுக்கு நிறத்தால்தான் பேர். “செவப்பு, செவப்பு, மஞ்ச, ப்ளூ” என்று அவன் வாய்க்குள் சொல்ல, நான் தார் ரோட்டில் மிதிப்பேன். “இன்னாமா, எறும்பு கட்சிதா?” என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரர் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

புதிதாக ஏறுகிறவர்கள் எல்லாரும் இரண்டு தப்புப் பண்ணுவார்கள். அம்பைப் பார்த்துப் பார்த்து மிதிப்பது ஒன்று. கண் பார்த்து, மூளை சொல்லி, கால் போவதற்குள் அம்பு ஏறிப் போயிருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் பிறகு காலை நடுவுக்கே கொண்டுவந்து வைப்பது இரண்டாவது. இப்படி ஆடினால் இரண்டாம் பாட்டுக்குள் மூச்சு வாங்கும். அங்கே வழக்கமாக வருகிற ஒரு காலேஜ் அண்ணா இதைக் கவனித்துவிட்டு, “ஸ்கிரீன அவ்ளோ மொறைக்காதம்மா. பாட்டக் கேளு, கால் போன எடத்துலயே நிக்கட்டும்” என்றார். அம்பு வராத கட்டத்தில் கால் பட்டால் மெஷின் எதுவும் சொல்லாது என்பதையும் அவர்தான் சொல்லித்தந்தார். நிற்கிற கால் நின்ற இடத்தில் இருக்க, அடுத்த அடியை அடுத்த கால் எடுத்துக்கொள்ள வேண்டும். இது புரிந்த அன்றைக்குத்தான் நான் குதிப்பதை விட்டு ஆடத் தொடங்கினேன்.

ஆடத் தொடங்கியதும் ஒன்று தெரிந்தது. அந்த மெஷினில் நாம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும். எத்தனை பேர் பின்னால் நின்றாலும் நம் கண்ணுக்குத் திரை மட்டும்தான். மெஷினுக்கும் நம் முகம் வேண்டாம், இடுப்பு வேண்டாம், கை வேண்டாம். கால் சரியான நேரத்துக்கு விழுந்ததா, அவ்வளவுதான் கணக்கு. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டால் போதும். யாராவது வீட்டில் போய்ச் சொன்னாலும் “கேம் ஆடினேன்” என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை. தெருவில் எனக்குக் கொடுக்காத அனுமதியை ஒரு இரும்பு மேடை காசு வாங்கிக்கொண்டு கொடுத்தது. மலிவு என்றுதான் சொல்வேன்.

கொஞ்ச நாள் போனதும் கடினமான பாட்டுகளில் காலைக் குறுக்கே போட வேண்டி வந்தது. இடது காலைத் தூக்கி வலப்பக்கக் கட்டத்தில் வைக்க உடம்பு திரும்பியே ஆக வேண்டும். அப்படித் திரும்பினபோதுதான் பின்னால் நிற்கிறவர்களை முதல் தடவையாகப் பார்த்தேன். கையில் பாப்கார்னோடு ஒரு அம்மா, அவர் புர்காவைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாண்டுகள், வாக்கி டாக்கியோடு ஒரு செக்யூரிட்டி அண்ணாச்சி. யாரும் முறைக்கவில்லை. அந்த அம்மாவின் செருப்பு தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

மாலுக்கு அடிக்கடி போகக் கட்டுப்படியாகாது. அண்ணன் வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலையில் இருந்தான். ‘ஸ்டெப்மேனியா’ என்று இலவச சாஃப்ட்வேர் இருப்பதைக் கண்டுபிடித்து, ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரில் பேரம் பேசி, யுஎஸ்பி ஒயரோடு ஒரு பிளாஸ்டிக் டான்ஸ் மேட்டும் வாங்கி வந்தான். அதில் நாலே அம்பு. மாலில் அஞ்சு கட்டம், வீட்டில் நாலு கட்டம் என்று கால் கொஞ்ச காலம் திண்டாடியது. மொசைக் தரையில் மேட் வழுக்கும். அடியில் கோணியை விரித்து நாலு பக்கமும் பிரவுன் டேப் ஒட்டினோம். எங்களுடையது மாடிப் போர்ஷன். “பொட்டப்புள்ள இப்டி திங்கு திங்குனு குதிச்சா கீழ் வூட்டுக்காரி இன்னா நெனப்பா?” என்று ஆயா கத்தும். நார்வேயில் 2003-இல் இதை ஒரு விளையாட்டுப் போட்டியாகவே அங்கீகரித்துவிட்டார்கள். அமெரிக்காவில் மேற்கு வர்ஜினியா மாநிலம் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளின் உடம்பு குறைய இதை வைக்கப் போவதாக 2006-இல் அறிவித்தது. ஆயாவிடம் இதையெல்லாம் சொல்லி ஆகப் போவது ஒன்றும் இல்லை.

ஸ்டெப்மேனியாவில் நமக்குப் பிடித்த பாட்டைப் போட்டு, நாமே அம்புகளை அடுக்கலாம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு எத்தனை அடி, முதல் அடி எந்த நொடியில் விழுகிறது, இந்த இரண்டு எண்களையும் கொடுத்தால் போதும். மிச்சத்தைக் கட்டம் போட்டுத் தந்துவிடும். சினிமாப் பாட்டு சொன்னபடி கேட்டது. கம்ப்யூட்டரில் அடித்த தாளம், முதலிலிருந்து கடைசி வரை ஒரே வேகம். குத்துப் பாட்டில்தான் வேலை இருந்தது. அடியை இரண்டாகவும் நாலாகவும் பிளந்து அம்பு வைத்தால் உட்காராது. தகிட தகிட என்று மூன்றாகப் பிளக்க வேண்டும். அப்படிப் பிளந்தால் அம்பின் நிறமே மாறிவிடும்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஆசை பெரிதானது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறினபோது மேளத்தைச் செல்போனில் பதிவு பண்ணி, எம்பி3-ஆக மாற்றி உள்ளே போட்டான். முதல் இருபது நொடி சரியாக வந்தது. அப்புறம் அம்பு ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். மேளக்காரர்கள் எண்ணைப் பார்த்தா அடிக்கிறார்கள்? வீட்டு வாசலில் ஒரு வேகம், எதிரே ஆடுகிறவன் சூடேறினால் ஒரு வேகம், தெரு முனையில் பாடை திரும்பும்போது இன்னொன்று. அண்ணன் விடவில்லை. நாலு அடிக்கு ஒரு தடவை வேகத்தை மாற்றி மாற்றி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டுப் போட்டான். மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு நான் அதற்கு ஆடினேன். எங்கள் வீட்டில் சாவு மேளத்துக்கு ஆடின முதல் பொம்பளை நான்தான்! பாதியில் ஆயா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. கிள்ளு விழும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “அந்த எடத்துல காலு மாறணும்டீ, அங்கதான் அடி மடங்குது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனது. அது சொன்னது சரி. அண்ணன் அந்த இரண்டு அம்புகளையும் மாற்றினான்.

கொருக்குப்பேட்டையை விட்டு வந்து வெகு காலமாகிறது. அந்தக் கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போனது. மேளத்துக்கு அடுக்கின அம்புகளும் அதோடு போயின. மாலில் அந்த மூலையில் இப்போது பொம்மையைக் கவ்வி எடுக்கிற கிரேன் மெஷின் நிற்கிறது. நடுவில் ‘ஜஸ்ட் டான்ஸ்’ வந்தது, 2009-இல். கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். அடுத்த வருடமே கேமரா வைத்து முழு உடம்பையும் பார்த்து மார்க் போடுகிற ‘டான்ஸ் சென்ட்ரல்’ வந்தது. சொந்தக்காரர் வீட்டில் ஆடிப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, எனக்கு ஒத்துவரவில்லை. இப்போது எங்கள் பழைய தெருவில் பெண்கள் செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு முகத்தைக் காட்டி ஆடுகிறார்கள். யாரும் கிள்ளுவதில்லை. எங்கள் காலத்தைவிட இது நல்ல காலம், சந்தேகமே வேண்டாம். என் ஏக்கம் வேறு: பக்கத்து மேடையில் யாரென்றே தெரியாத ஒருத்தி ஏறி நிற்க, இரண்டு பேரும் ஒரே பாட்டுக்கு மிதித்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேர்கூடக் கேட்காமல் பிரிந்து போவோமே, அதற்கு.

ஸ்டெப்மேனியா இன்றைக்கும் இலவசம்தான். மேட்டும் ஆன்லைனில் கிடைக்கிறது. வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் வாங்கிக் கொடுங்கள். அடியில் கோணியை விரியுங்கள், கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் தெரு மேளம் யார் செல்போனிலாவது பதிவாகி இருந்தால் அதையும் அழித்துவிடாதீர்கள். அதற்கு அம்பு அடுக்க நான் தயார்.