பிராடோ வீதியின் மாடி முகப்புகள்

கியூபாவின் தலைநகரான ஹவானாவில், நகரத்தின் மையப் பூங்காவிலிருந்து புறப்பட்டுக் கடற்கரை வரையில் செல்கின்ற பிராடோ என்னும் வீதி, 1772-ஆம் ஆண்டில் முதன்முதலாக அமைக்கப்பட்டது. 1928-இல் ஃபொரெஸ்தியே என்ற பிரெஞ்சு நிபுணரின் திட்டப்படி புதுப்பிக்கப்பட்டு, இன்றைய ரூபத்தை அடைந்தது. வண்டிகள் இருபுறமும் போக, நடுவே சற்று உயர்த்திக் கட்டிய நடைபாதையும், அதன் ஓரங்களில் நிழல்மரங்களும், சலவைக்கல் ஆசனங்களும், வெண்கலச் சிங்கங்களும் அதற்கு ஒரு ராஜகம்பீரத்தைக் கொடுக்கின்றன. ஆனால், அங்கே நடப்பதெல்லாம் சர்வசாதாரணமான ஜனங்களின் காரியங்கள்தாம். குழந்தைகள் விளையாடுவார்கள், ஓவியர்கள் தங்கள் படங்களைப் பரப்பி வைப்பார்கள். வீடுகளை வாங்கவும் விற்கவும் அரசாங்கம் அனுமதிக்காதிருந்த நெடுங்காலத்தில், ஒருவர் வீட்டை ஒருவர் மாற்றிக்கொள்ள விரும்பியவர்கள், தங்கள் வீட்டின் அறைகளையும் வசதிகளையும் ஓர் அட்டையில் எழுதி ஏந்திக்கொண்டு, யாராவது வந்து விசாரிக்கமாட்டார்களா என்று மணிக்கணக்காகக் காத்து நின்றதும் இந்த மரங்களின் அடியில்தான்.

அந்த வீதியில் 2016 மே 3-ஆம் தேதி மாலை, பாரிஸ் நகரத்து ஷனெல் நிறுவனம், கார்ல் லாகர்ஃபெல்ட் வடிவமைத்த ஆடைகளை அணிந்த பெண்களையும் ஆண்களையும் நடக்கவிட்டு, பெரியதொரு ஃபேஷன் ஷோ நடத்தியது. 1959-ஆம் வருஷத்துப் புரட்சிக்குப் பிறகு அத்தீவில் அப்படி ஒரு காட்சி அதுவே முதல் தடவை. உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் அழைக்கப்பட்ட விருந்தினர்கள், வர்ணம் பூசிய பழைய அமெரிக்கக் கார்களில் வரிசை வரிசையாக வந்து இறங்கினார்கள். ஆசனங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. ஃபிடல் காஸ்ட்ரோவின் பேரர் ஒருவரும் உடை அணிந்து நடந்தவர்களில் இருந்தார். வீதிக்கு வரும் வழிகளையெல்லாம் போலீஸார் மறித்துவிட்டபடியால், ஊர்ஜனங்களில் பெரும்பாலோர் தடுப்புகளுக்கு அப்பாலேயே நின்றார்கள். அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரின் மாதச் சம்பளம் சராசரியாகச் சுமார் 25 டாலராக இருந்த அந்த நாட்டில், அங்கே காட்டப்பட்ட ஒரு மேல்சட்டையின் விலை பல வருஷச் சம்பளத்தை விழுங்கிவிடும். அதை விற்பதற்கு அந்த நிறுவனத்துக்கு அப்போது அங்கே ஒரு கடைகூட இருக்கவில்லை.

அந்த நிகழ்ச்சியின் சலனப்படத்தையும் புகைப்படங்களையும் பார்த்தபோது, என் கண்கள் நடந்துபோன அழகிகளைவிட்டு, அவர்களுக்கு மேலே இருந்த மாடி முகப்புகளிலேயே தங்கிவிட்டன. காரை பெயர்ந்து செங்கல் தெரிகின்ற அந்தப் பழைய கட்டடங்களின் இரும்புக் கிராதிகளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஓர் அழகைத் தங்கள் ஊரில் காணக் கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்கள் அவர்களில் உண்டு. தடுப்புகளுக்கு அப்பால் நின்றவர்களிலோ, எங்கள் தெருவில் நடக்கும் காட்சியை எங்களுக்குக் காட்டக் கூடாதா என்று மனம் வெதும்பியவர்களும் உண்டு.

இந்த இரண்டு உணர்வுகளையும் பற்றி வெளியிலிருந்து பேசியவர்களின் அபிப்பிராயம் எனக்குச் சம்மதமில்லை. ஏழைகளின் கண்ணெதிரே ஆடம்பரத்தைப் பரப்புவதே பாவம் என்றார்கள் சிலர். ஊர்ஜனங்கள் குறை சொல்வது பொறாமை என்றார்கள் வேறு சிலர். முதலாமவர்கள், வறுமையில் இருப்பவனுக்குச் சௌந்தரிய ரசனை இராது என்று தங்களை அறியாமலே தீர்மானித்துவிடுகிறார்கள். உண்மையோ இதற்கு நேர்மாறானது. 1990-களில் சோவியத் உதவி நின்றுபோய், நூலும் துணியும் கிடைக்காமல் தவித்த காலத்தில், பழைய உடுப்பைப் பிரித்து, திருப்பி வைத்துத் தைத்து, ஒரு திரைச்சீலையைப் பாவாடையாக்கி, பிள்ளைகளுக்கு மானமாக உடுத்திவிட்ட தாய்மார்கள் நிறைந்த நாடு அது. தோளில் தையல் எப்படி உட்கார்ந்திருக்கிறது, ஓரம் எப்படி மடித்திருக்கிறது என்பதை, முன்வரிசையில் அமர்ந்திருந்த சீமாட்டிகளைவிட நுட்பமாகக் கண்டுகொள்ளக்கூடிய கண்கள், அந்த மாடிகளிலும் தடுப்புகளுக்குப் பின்னாலும்தான் இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குறை சொன்ன ஊர்ஜனங்கள் கேட்டது விலையுயர்ந்த சட்டையை அன்று. தினம் நடக்கிற தங்கள் தெருவில் நிற்க ஓர் இடத்தைத்தான் கேட்டார்கள். அது முடியாத காரியமும் அல்ல. அதே வருஷம் மார்ச் 25-ஆம் தேதி, அதே நகரத்தின் விளையாட்டு மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் கட்டணமில்லாமல் கச்சேரி செய்தபோது, லட்சக்கணக்கான ஜனங்கள் திரண்டு வந்து, ஆடிப் பாடிக் களித்துத் திரும்பினார்கள். மைதானமும் வீதியும் ஒன்றாகுமா என்று ஆட்சேபிக்கலாம். மைதானத்தின் விஸ்தாரம் வீதிக்கு இல்லைதான். ஆனால், விருந்தினருக்கு ஆசனங்கள் வரிசையாகப் போட இடமிருந்த வீதியில், அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்களுக்கு நாலு வரிசை ஒதுக்க இடமில்லாமல் போயிற்று என்பதை நான் ஒப்பமாட்டேன்.

வீதியில் நடக்கும் காட்சி அங்கே குடியிருப்பவர்களுக்கும் உரியது என்பது நமக்குப் புதிதல்ல. நம்முடைய கோயில்களில் மூலவர் உள்ளேயே இருக்க, உற்சவ மூர்த்தி வீதிக்கு எழுந்தருள்வது, நடக்க மாட்டாத கிழவிக்கும் தன் வாசற்படியிலிருந்தே தரிசனம் கிட்டவேண்டும் என்பதற்காக. ஆனால், அந்தப் புனிதமான வீதிகளிலேயே ஒரு சாராரை நடக்கவிடாமல் தடுத்த காலமும் நம் தேசத்தில் இருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. அந்தக் கொடுமையையும் ஹவானாவின் ஒருநாள் தடுப்பையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனாலும், தெருவில் நடக்கும் உரிமை எவ்வளவு அருமையானது என்பதைப் போராடித் தெரிந்துகொண்ட ஜனங்கள் நாம்; ஒரு மாலைப்பொழுதுக்கு ஆனாலும், தங்கள் வீதியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்களின் மனத்தாங்கல் நமக்குப் புரியாமல் போகாது.

ஆடைக்கலை மாளிகைகளை விட்டுத் தெருவுக்கு வருவதை நான் மனமார வரவேற்கிறேன். தேர்ந்த கைகள் மாதக்கணக்கில் உழைத்து முடித்த பூவேலையைப் பொதுஜனங்கள் பார்ப்பது நல்லதே. ஷனெல் நிறுவனத்தாருக்கும், அனுமதி அளிக்கிற நகரசபையாருக்கும் என்னுடைய வேண்டுகோள் ஒன்றுதான்: தெருவை இரவல் வாங்குகிறவர்கள், அழைப்பிதழ்களை அச்சிடுவதற்கு முன்னால் அந்தத் தெருவின் வீட்டுக் கதவுகளைத் தட்டுங்கள், முன்வரிசை நாற்காலிகளில் ஒரு பங்கை அங்கே குடியிருப்பவர்களுக்குக் கொடுங்கள்.