வாயில்லா ஜீவனுக்குக் கணக்குதான் வாய்



நம் பழைய மாணவர் குரூப்பில் ஒரு வாரமாக நடக்கும் வாக்குவாதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உறவுகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் பெயரில் ஏதாவது நல்ல காரியம் செய்யலாம் என்று 62 பேர் ஆளுக்கு 1,500 ரூபாய் போட்டு 93,000 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே தனியார் நடத்தும் ஒரு 'வனவிலங்கு சரணாலயத்துக்கு' அதைக் கொடுப்பதாகப் பேச்சு. நான் அவர்களிடம் கணக்குக் கேட்டேன். பதிலுக்கு வந்தது, காலில் கட்டுப் போட்ட ஒரு மயிலின் படமும், "எங்க மேல நம்பிக்கை இல்லையா அம்மா?" என்ற ஒரு வரியும்தான்.

அதற்குப் பிறகு உங்களில் சிலருக்கு என் மேல் வருத்தம். "நல்ல காரியத்துக்குப் போய் கணக்குக் கேட்பாங்களா டீச்சர்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கான பதில்தான் இது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சாம்பார் தண்ணியாக இருந்தால் என்ன நடக்கும்? ஒரு பிள்ளையாவது வீட்டில் போய்ச் சொல்லும். மறுநாள் அம்மா வந்து வாசலில் நிற்பார். முதியோர் இல்லத்தில் குறை இருந்தால் பெரியவர் யாராவது போனில் புலம்புவார். ஆனால் கூண்டில் இருக்கும் குரங்குக்கு அரை வயிறுதான் சாப்பாடு என்றால் அது யாரிடம் போய்ச் சொல்லும்? உதவி பெறுகிறவருக்குப் பேச்சு இல்லாத தர்மம் இது. அதனால்தான் மற்ற தர்மங்களைவிட இதில் கணக்கு முக்கியம். அந்த ஜீவனுக்காகப் பேசக்கூடியது அந்த நோட்டுப் புத்தகம் மட்டும்தான்.

கணக்குக் கேட்டால் குற்றம் சாட்டுவதாகிவிடுமா? 2025-இல் நடந்ததையே சொல்கிறேன். குஜராத் ஜாம்நகரில் ரிலையன்ஸ் குழுமத்தின் 'வந்தாரா' விலங்கு காப்பகம் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு மனுக்கள் போயின. யானைகளும் மற்ற விலங்குகளும் எப்படி வந்தன, சட்டப்படி வந்தனவா, பண விவகாரங்கள் ஒழுங்காக உள்ளனவா என்பதெல்லாம் கேள்வி. ஆகஸ்ட் 25 அன்று நீதிமன்றம் நான்கு பேர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் முன்னாள் நீதிபதி செலமேஸ்வர். நம்ம லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தவர். இன்னொரு முன்னாள் நீதிபதி, மும்பையின் முன்னாள் போலீஸ் கமிஷனர், சுங்கத்துறை அதிகாரி ஒருவர் ஆகியோரும் குழுவில் இருந்தார்கள். விசாரிக்க வேண்டிய பட்டியலில் விலங்குகளின் நலத்தோடு நிதி ஒழுங்கும், பணமோசடிப் புகார்களும் இருந்தன.

அந்த உத்தரவில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆதாரம் இல்லாத இப்படிப்பட்ட மனுவைப் பொதுவாகத் தள்ளுபடிதான் செய்ய வேண்டும் என்று நீதிபதிகளே சொன்னார்கள். ஆனாலும் உண்மை நிலவரத்தைச் சுதந்திரமாகப் பார்ப்பது நல்லது என்றார்கள். விசாரணை வைப்பதால் வந்தாரா மேல் சந்தேகப்படுவதாக அர்த்தம் இல்லை என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். செப்டம்பர் 12-இல் குழு அறிக்கை கொடுத்தது. 15-ஆம் தேதி நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு, விதிமீறல் இல்லை என்று முடித்தது. முழு அறிக்கை சீலிட்ட உறையில் இருக்கிறது, சுருக்கம் மட்டும் உத்தரவில் வந்தது. முழுவதும் வெளியிட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆனால் பாருங்கள், அவ்வளவு பெரிய இடத்திலேயே கேட்டார்கள், அவர்களும் பதில் சொன்னார்கள். யாருக்கும் மானம் போகவில்லை.

வெளிநாட்டிலும் இப்படித்தான். இங்கிலாந்தில் ஹௌலெட்ஸ் வனவிலங்கு அறக்கட்டளை, ஆஸ்பினால் அறக்கட்டளை என்று இரண்டு பெரிய விலங்கு அமைப்புகள். அவற்றின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றி 2021 மார்ச்சில் அங்குள்ள அறக்கட்டளை ஆணையம் விசாரணை தொடங்கியது. அந்த ஆணையத்தின் இணையதளத்தில் பெரிய அறக்கட்டளைகளின் ஆண்டுக் கணக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

நம் ஊரில் அந்த வசதி இல்லை. மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் அறக்கட்டளைகளைக் கவனிக்க ஆணையர் உண்டு. தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிவு செய்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவதோடு சரி. அதன் பிறகு முக்கியமாகப் பார்ப்பது வருமான வரித்துறைதான். ஆகவே "நாங்க பதிவு பண்ணின டிரஸ்ட்" என்று சொன்னால் அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. நடத்தைச் சான்றிதழை நாம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

"80ஜி இருக்கே, போதாதா டீச்சர்?" என்று கேட்டீர்கள். அது கொடுக்கிறவருக்கு வரிச்சலுகை தரும் ஏற்பாடு. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. 2021-22 முதல் அமைப்பே நன்கொடை விவரத்தை வரித்துறைக்குத் தெரிவித்து, நமக்கு ஒரு சான்றிதழ் தர வேண்டும். வெறும் ரசீது புத்தகத்தைக் கிழித்துக் கொடுத்தால் போதாது.

'சரணாலயம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். வேடந்தாங்கல், முதுமலை மாதிரி அரசு அறிவிப்பதுதான் சட்டப்படி சரணாலயம். வனவிலங்குகளை மீட்டு வைத்துப் பராமரிக்கும் இடம் என்றால் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். கிண்டி பாம்புப் பண்ணையும், 1976-இல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையும் அறக்கட்டளைகள்தான், அந்த அங்கீகாரத்தோடு நடக்கின்றன. மயில் நம் தேசியப் பறவை. வனத்துறைக்குத் தெரியாமல் அதை யாரும் வைத்திருக்க முடியாது.

அடையாற்றில் கலாக்ஷேத்ரா கண்ட ருக்மணி தேவி அருண்டேல் விலங்கு வதைக்கு எதிராக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவர்தான் முதல் தலைவர். 2018 வரை அந்த வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. விலங்குகள் மேல் அவருக்கு அன்பு இல்லாமலா சட்டமும் வாரியமும் வேண்டும் என்று நினைத்தார்?

ஒரு நியாயமான கேள்வியும் வந்தது. "நாம காகிதம் பார்த்துக்கிட்டு இருக்கும்போது அங்கே மிருகம் பட்டினி கிடந்தா?" உண்மைதான். 2020 ஊரடங்கில் முதலைப் பண்ணையின் வாசலை மூடியதும் டிக்கெட் பணம் நின்றது, தீனிச் செலவு நிற்கவில்லை. பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். பசி காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும்.

அதனால் என் யோசனை இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் இரண்டு பேர் நேரில் போங்கள். எத்தனை விலங்குகள், எத்தனை பணியாளர்கள், மருத்துவர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதத் தீனியை நீங்களே கடையில் வாங்கி, பில்லோடு இறக்கிவிட்டு வாருங்கள். அதற்கு 20,000 ரூபாய் வரை செலவு செய்யலாம்.

மீதிப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். மூன்று காகிதங்கள் வந்த பிறகு கொடுக்கலாம். ஒன்று, ஆடிட்டர் கையெழுத்திட்ட கடைசி இரண்டு வருடக் கணக்கு. இரண்டு, உயிரியல் பூங்கா ஆணையம் அல்லது வனத்துறையின் அனுமதி. மூன்று, அறங்காவலர்கள் யார் யார், அவர்களுக்கோ குடும்பத்தாருக்கோ சம்பளம், வாடகை என்று ஏதாவது போகிறதா என்ற விவரம். பிறகு நான் மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வகுத்தல்தான். மொத்தத் தீனிச் செலவை விலங்குகளின் எண்ணிக்கையால் வகுங்கள். வருகிற விடை ஒரு விலங்கின் வயிற்றை நிரப்புமா என்று பாருங்கள்.

பொங்கலுக்குள் காகிதங்கள் வந்தால் முதல் ஆளாக நானும் என் பென்ஷனிலிருந்து போடுகிறேன். வராவிட்டால் கணக்குக் காட்டுகிற வேறு இடத்துக்குக் கொடுப்போம். எதுவானாலும் அதுவரை என் பெயரைப் பலகையில் போட வேண்டாம்.

யார் ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கோபாலபுரம்.