சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

2008 டிசம்பரில் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணிக்குப் புது கோச்சை அறிவித்தது. ரசிகர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். வந்தவர் ஜீன் சிஸிக். அதற்கு முன் ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு சீசன் இருந்து, 5 மேட்சில் ஜெயித்து 19 மேட்சில் தோற்றவர். போயும் போயும் இவரா என்று ஊரே பொருமியது. 2010-ல் அதே சிஸிக்கின் அணி 14 மேட்ச் ஆடி, 14-லும் ஜெயித்து, தேசிய சாம்பியன் ஆனது. பொருமிய ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடியது. 2012-ல் 3 வெற்றி, 9 தோல்வி. வேலை போனது.

நான்கே வருடத்தில் ஒரு மனிதர் மக்காகி, மேதையாகி, மறுபடி மக்காக முடியுமா என்ன? 2010-ல் மட்டும் அவரிடம் கேம் நியூட்டன் இருந்தார். பந்தை எறிவதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக். ஆபர்னுக்கு ஒரே ஒரு சீசன் ஆடினார். அடுத்த வருடம் தொழில்முறை லீக்கின் டிராஃப்ட்டில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானார்.

இந்தக் கால்பந்து நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, ஹெல்மெட்டும் கவசமும் மாட்டிய எதிரணிக்காரர்கள் மோதிச் சாய்ப்பதற்குள் ஓடும் விளையாட்டு. ஆடுவது கல்லூரி மாணவர்கள்தான். ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூஸா நகரத்தின் ஜனத்தொகை சுமார் 1 லட்சம். அங்குள்ள ஸ்டேடியத்திலும் சுமார் 1 லட்சம் பேர் உட்காரலாம்.

அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் போட்டி நடத்தும் கூட்டமைப்புக்கு கான்ஃபரன்ஸ் என்று பெயர். அலபாமா, ஆபர்ன், ஜார்ஜியா, ஃபுளோரிடா, லூசியானா ஸ்டேட் எல்லாம் சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக எஸ்.இ.சி. 2006 முதல் 2012 வரை ஏழு வருடம் தொடர்ந்து தேசியப் பட்டம் இந்த ஒரே கூட்டமைப்புக்குப் போனது. 2022 வரை எண்ணினால் 17 பட்டங்களில் 13. ஏன் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: அவர்களுடைய கோச்சுகள் அப்படி!

அந்தப் பதிலுக்குச் சாட்சியாக நிறுத்தப்படுபவர் நிக் சேபன். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்காரர். அப்பா பெட்ரோல் பங்க் நடத்தினார். சிறுவன் நிக் அங்கே கார் கழுவ வேண்டும். துடைத்த காரில் ஒரு கோடு தெரிந்தாலும் முழு காரையும் மறுபடி கழுவச் சொல்வாராம் அப்பா. பின்னாளில் அலபாமாவில் சேபன் நடத்திய பயிற்சியும் ஏறக்குறைய அதே ரகம்தான். ஸ்கோர்போர்டைப் பார்க்காதே, இந்த ஒரு நகர்வைச் சரியாகச் செய் என்பது அவர் மந்திரம். லூசியானா ஸ்டேட்டில் ஒரு பட்டம், அலபாமாவில் ஆறு. தன்னிடம் உதவி கோச்சாக இருந்துவிட்டு வெளியே போய்த் தலைமை கோச் ஆனவர்களிடம் 24 மேட்ச் வரை ஒன்றில்கூட அவர் தோற்கவில்லை. 2021-ல்தான் முதல் தோல்வி. இதைத் திறமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஆனால் அதே சேபன் 1995 முதல் 1999 வரை வடக்கே மிஷிகன் ஸ்டேட்டில் இருந்தார். அதே கண்டிப்பு, அதே மூளை. முதல் நான்கு சீசனில் எந்த வருடமும் 7 வெற்றியைத் தாண்டவில்லை. 2000-ல் தெற்கே லூசியானாவுக்கு வந்தார். நான்காவது சீசனில் பட்டம். நடுவில் இரண்டு வருடம் தொழில்முறை அணியான மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனார். 15 வெற்றி, 17 தோல்வி. அந்த லீக்கில் கடைசியாக வந்த அணிக்குத்தான் அடுத்த வருடம் முதலில் ஆள் எடுக்கும் உரிமை. நல்ல ஆட்களை ஒருவரே அள்ளிக்கொள்ள முடியாது. கல்லூரிக் கால்பந்தில் முடியும். அதனால்தான் பெரிய கோச் எனப்படுபவர் வருடத்தில் பாதி நாள் பள்ளிக்கூட மைதானங்களிலும், பதினேழு வயதுப் பையன்களின் வீட்டுக் கூடங்களிலும், அவர்களுடைய அம்மாக்களின் எதிரிலும் கழிக்கிறார். சேபன் அலபாமாவுக்கு வந்த முதல் வருடம் 7 வெற்றி, 6 தோல்வி. லூசியானா-மன்ரோ என்ற சின்னப் பல்கலைக்கழகத்திடம் சொந்த மண்ணிலேயே தோற்றார். அடுத்த வருடம் அலபாமாவின் ஃபோலி ஊரிலிருந்து ஜூலியோ ஜோன்ஸ் போன்ற பையன்கள் வந்து சேர்ந்தார்கள். அதற்கடுத்த வருடம் பட்டம்.

அப்படியானால் எல்லாம் மண்ணின் மகிமைதான் என்று தீர்ப்பெழுதிவிடலாமா? அதுவும் சரிவராது. சேபன் வருவதற்கு முன்பும் அலபாமா அதே இடத்தில்தான் இருந்தது. 1992-க்குப் பிறகு பட்டமே இல்லாமல், கோச் மாற்றி கோச் பார்த்துக்கொண்டிருந்தது. கோச்சால் நடப்பது நிச்சயம் உண்டு. அந்தக் கூட்டமைப்புக்குள் இந்த வருடம் யார் ஜெயிப்பார் என்பதை அவர் பெருமளவு தீர்மானிக்கிறார். ஆனால் அந்தப் பதின்மூன்று பட்டங்களை ஐந்து வெவ்வேறு பல்கலைக்கழகங்கள், ஆறேழு கோச்சுகளின் கீழ் வென்றிருக்கின்றன. அத்தனை மேதைகளும் தற்செயலாக ஒரே மூலையில் வந்து பிறந்தார்கள் என்று நம்புவதற்குக் கொஞ்சம் பெரிய மனசு வேண்டும்.

அந்த மூலையின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பட்டங்களைப் பற்றிப் பேசும்போது அதை யாரும் அதிகம் எடுப்பதில்லை.

1966-ல் அலபாமா ஒரு மேட்சில்கூடத் தோற்கவில்லை. கோச், இன்றும் அங்கே தெய்வமாகக் கும்பிடப்படும் பேர் பிரையன்ட். ஆனாலும் தேசியத் தரவரிசையில் மூன்றாம் இடம்தான். அணியில் அத்தனை பேரும் வெள்ளையர். அதே வருடம் தோல்வியே இல்லாமல் முன்னால் நின்ற இரண்டு அணிகளில் ஒன்று மிஷிகன் ஸ்டேட். ஆம், பின்னாளில் சேபன் திணறிய அதே மிஷிகன் ஸ்டேட். அதன் பெரிய நட்சத்திரங்கள் யார்? டெக்சாஸின் பப்பா ஸ்மித், தென் கரோலினாவின் ஜார்ஜ் வெப்ஸ்டர், வட கரோலினாவின் ஜிம்மி ரே. எல்லோரும் தெற்கத்திக் கறுப்பினப் பையன்கள். சொந்த ஊர்ப் பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்தியதால் பனி கொட்டும் ஊருக்குப் போனவர்கள். அவர்களைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்ட மிஷிகன் ஸ்டேட் கோச் டஃபி டாஹெர்ட்டி அன்றைக்குப் பெரிய மேதையாகத் தெரிந்தார்.

வடக்கே போகாதவர்கள் கறுப்பினக் கல்லூரிகளில் ஆடினார்கள். லூசியானாவின் கிராம்ப்ளிங்கில் எடி ராபின்சன் 1941-ல் ஆரம்பித்து 1997 வரை கோச்சாக இருந்தார். 408 வெற்றிகள். தொழில்முறை கால்பந்துக்கு அவர் அனுப்பிய வீரர்கள் 200 பேருக்கு மேல். தென்னகத்தில் பெரிய கோச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் இவருடைய கணக்கு எஸ்.இ.சி-யின் எந்தப் பெருமையிலும் சேராது.

எஸ்.இ.சி மேட்ச் ஒன்றில் கறுப்பின வீரர் முதன்முதலாக ஆடியது 1967 செப்டம்பர் 30 அன்று. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் நேட் நார்திங்டன். அவரோடு சேர்ந்து வந்தவரும் அறைத் தோழருமான கிரெக் பேஜ், பயிற்சியில் கழுத்தில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகி, அதற்கு முந்தைய நாள்தான் இறந்திருந்தார். நார்திங்டன் அந்தத் துக்கத்தோடு மைதானத்தில் இறங்கினார். சில வாரங்களில் அந்தப் பல்கலைக்கழகத்தையே விட்டுப் போய்விட்டார்.

அலபாமாவுக்கு 1969-ல் 6 வெற்றி, 5 தோல்வி. 1970-ன் முதல் மேட்சில் சதர்ன் கலிஃபோர்னியாவின் சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரர் பர்மிங்ஹாமுக்கே வந்து 135 கெஜம் ஓடித் தள்ளினார். 42-21 என்று தோல்வி. அந்த ஒரு மேட்ச்தான் தென்னகத்தின் கண்ணைத் திறந்தது என்று கதையாகச் சொல்வார்கள். உண்மையில் பிரையன்ட் அதற்கு முன்பே வில்பர் ஜாக்சனைச் சேர்த்திருந்தார். முதலாண்டு மாணவர்கள் ஆடக் கூடாது என்ற விதியால் அந்தப் பையன் அன்று வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1971-ல் ஜாக்சனும் ஜான் மிட்செலும் களமிறங்கினார்கள். பிரையன்ட் ஆட்ட முறையையும் அதே வருடம் அடியோடு மாற்றினார். 11 வெற்றி, 1 தோல்வி. இதில் எவ்வளவு புது உத்தியின் பங்கு, எவ்வளவு புதுப் பையன்களின் பங்கு என்று பிரித்துக் காட்ட எந்தத் தராசும் கிடையாது. ஆனால் அந்தப் பத்தாண்டில் வந்த மூன்று பட்டங்களும் கதவு திறந்த பிறகே வந்தவை.

அதற்குப் பிறகு பணம் கொட்டியது. டிவி ஒப்பந்தங்கள், பெரிய ஸ்டேடியங்கள். 2007-ல் சேபனை அலபாமா எடுத்தது 8 வருடத்துக்கு 3.2 கோடி டாலர் என்று பேசி. நல்ல கோச்சும் காசு இருக்கும் இடத்துக்குத்தானே போவார்! பையன்களுக்குக் கிடைத்தது ஸ்காலர்ஷிப், சாப்பாடு, தங்க இடம். தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கக்கூட 2021 வரை அவர்களுக்கு அனுமதி இல்லை. அலபாமா ஸ்டேடியத்துக்கு வெளியே வெண்கலச் சிலையாக நிற்கும் ஐந்து பேரும் கோச்சுகள்.

2021-ல் விதி மாறியது. வீரர்கள் வெளிப்படையாக விளம்பரப் பணம் வாங்கலாம், ஒரு வருடம் சும்மா உட்காராமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று ஆனது. 2024 ஜனவரியில் சேபன் ஓய்வு பெற்றார். அவரை நம்பி அலபாமாவுக்கு வந்திருந்த ஜார்ஜியாப் பையன் கேலெப் டவுன்ஸ், சில நாட்களிலேயே வடக்கே ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறினார். அலபாமாவில் வளர்ந்து மிசிசிப்பியில் ஆடிய குவின்ஷான் ஜட்கின்ஸும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

அந்த நவம்பரில் ஒஹாயோ ஸ்டேட் தன் பரம எதிரியான மிஷிகனிடம் தோற்றது. கோச் ரையன் டேயை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ரசிகர்கள் கொதித்தார்கள். ஏழு வாரம் கழித்து, எஸ்.இ.சி அணிகள் இரண்டை வழியிலேயே சாய்த்துவிட்டு, அதே டே தேசியக் கோப்பையைத் தூக்கினார். இறுதிப் போட்டி நடந்தது ஜார்ஜியாவின் அட்லாண்டாவில். ஜட்கின்ஸ் மூன்று டச் டவுன் போட்டார். சொந்த மாநிலத்து மைதானத்தில், வடக்கத்தி அணியின் சட்டையோடு, டவுன்ஸ் தடுப்பு வரிசையில் நின்றார்.