வலப்பக்கம்

டொரண்டோவில் 52 வயதில் ஐஸ் ஹாக்கி ஸ்கேட் மாட்டிக்கொண்டவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நேராகப் போய்விடலாம் சார், சட்டென்று வளைவதுதான் பாடு. பிளேடின் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர்; நடுவே பள்ளம், இருபுறமும் கூர் விளிம்பு. திரும்புகிற பக்கத்துக் காலை முன்னே விட்டு, முழங்கால்களை நன்றாக மடக்கி, அந்தப் பக்கமே சாயவேண்டும். பயந்தால் உடம்பு நிமிரும். நிமிர்ந்தால் வட்டம் பெரிதாகி, நேரே சுவர். மோதியிருக்கிறேன்.

இடப்பக்கம் பத்து நாளில் வந்துவிட்டது. வலது கணுக்கால் ஒருமுறை உடைந்தது. அதன்மேல் சாய மனசு ஒப்பவில்லை.

“காலைப் பாக்காதீங்கப்பா, என்னைப் பாருங்க” என்று வளைவுக்கு அப்பால் போய் நின்றாள் மகள். நேற்று பார்த்தேன், சாய்ந்தேன். அரைவட்டம் வந்தது! அப்புறம் விழுந்தேன். தூக்கிவிட அவள் வரவில்லை. “இன்னொரு தடவ” என்று அங்கேயே நின்றாள்.