எரிமலைத் தீவில் நம் பெயர்கள்

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்பது பொருள். திருமுதுகுன்றம் என முன்னோர் வழங்கியதும் இதனையே. எனினும், பீங்கான் சூளைகளால் பெயர் பெற்ற இந்நகரில் இன்று அண்ணாந்து பார்க்க ஒரு குன்றும் இல்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நம் தென்னார்க்காட்டு ஏழைகளும் தஞ்சைத் தரணியின் ஏழைகளும் கப்பலேறிச் சென்ற ஒரு தீவிலோ, மலை இன்னும் நெருப்பைக் கக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது. அத்தீவே ரெயூனியன்.

இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் இது அமைந்துள்ளது. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 9 இலட்சம். தலைநகர் சேன் தெனி. தீவின் நடுவே 3,070 மீட்டர் உயர்ந்து நிற்கும் பித்தோன் தெ நேழ் சிகரம் அணைந்த எரிமலை. தென்கிழக்கிலுள்ள பித்தோன் தெ லா பூர்னேஸ் அணையாதது. 2007-ஆம் ஆண்டு அதன் நெருப்புக் குழம்பு கடலுக்குள் பாய்ந்து, தீவின் நிலத்தையே சிறிது பெருக்கிவிட்டது. மழையும் அங்கே பெருமழைதான். 1966 சனவரியில் போக்-போக் என்னுமிடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது, உலகச் சாதனையாக இன்றும் நிற்கிறது.

பிரெஞ்சுக்காரர் குடியேறும்வரை அங்கு மனிதவாசம் இல்லை. பின்னர் காப்பித் தோட்டங்களும் கரும்புத் தோட்டங்களும் எழுந்தன. அவற்றில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்து, அவர்களுள் ஒருவராய் வாழ்ந்த துறவறச் சகோதரர் ஸ்குபிலியோனை, 1989 மே 2 அன்று, அத்தீவிலேயே திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

1848 டிசம்பர் 20 அன்று அடிமைத்தனம் ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளின் கண் உடனே நம் பக்கம் திரும்பிற்று. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஆயிரக்கணக்கில் ஏற்றப்பட்டனர். 1860, 1861 ஆண்டுகளில் பிரிட்டனுடன் செய்த உடன்படிக்கைகளால் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலும் ஆள் சேர்க்க வழி பிறந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் எனப்பட்டது. ஆனால் பலர் திரும்பவே இல்லை. அங்கு அவர்கள் பட்ட கொடுமைகள் வெளிவரவே, 1882-இல் ஆங்கில அரசு இந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது.

அவர்களுடைய வழித்தோன்றல்களை அங்கே 'மலபார்' என்கின்றனர். இனவாரியாகக் கணக்கெடுப்பது பிரெஞ்சு அரசின் வழக்கமன்று. ஆயினும் மக்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் இவர்களே எனக் கருதப்படுகிறது. ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், சீனர், குஜராத்தி முஸ்லிம்கள் ஆகியோரோடு கலந்து வாழ்ந்து, எல்லாரையும் போலக் கிரெயோல் மொழியே பேசுகின்றனர். திருமுழுக்குப் பெற்றுக் கோவிலில் திருப்பலி காணும் குடும்பமே மூதாதையர் வழக்கப்படி தீமிதிக்கும் காவடிக்கும் செல்வதும் உண்டு. குழம்பை அவர்கள் 'காரி' என்பர். முருங்கைக் கீரையை 'மூரூம்' என்பர்.

ஆட்சி முறையைக் கேட்டால் வியப்படைவீர்கள். இத்தீவு காலனி அன்று. 1946 மார்ச் 19 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். 1954-இல் நம் புதுச்சேரியை விட்டு அகன்ற அதே பிரான்சு, அங்கே இன்றும் நிலைத்து நிற்கிறது. நாணயம் யூரோ. அரசின் சார்பில் ஒரு பிரெபெ. மக்கள் தேர்ந்தெடுக்கும் மாவட்ட மன்றமும் வட்டார மன்றமும் தனித்தனியே. கீழே 24 நகராட்சிகள். பாரிசுக்கு 7 நாடாளுமன்ற உறுப்பினரையும் 4 செனட்டரையும் அத்தீவு அனுப்புகிறது. செனட்டராயிருந்த ழான்-போல் விரபுலேயின் பெயர் நம் செவிக்கு வீரப்பிள்ளை என்றே ஒலிக்கும். 2003-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்தின்போது, மற்றக் கடல்கடந்த மாவட்டங்களுக்குத் தரப்பட்ட தனி விதி வகுக்கும் உரிமை ரெயூனியனுக்கு வேண்டாமென வாதாடி வென்றவர் அவரே. பிரான்சிலிருந்து விலகிவிடக் கூடாதென்ற அச்சமே அதற்குக் காரணம். 2017-இல் தேர்தலில் வென்று பாரிசு மன்றத்தில் அமர்ந்தவர் நாதியா ராமசாமி.

கூலியாகச் சென்றவரின் குலம் குடிமக்களாகிச் சட்டம் இயற்றும் மன்றம் ஏறிற்று. இது பெரும்பேறே. ஆனால் அதற்கு ஈடாகப் போனது தாய்மொழி. பதிவேட்டில் பிரெஞ்சு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய பாட்டனார் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. ராமசாமி என்றும் முத்துசாமி என்றும் பெயர் தாங்கிய பலருக்கு அப்பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது. இன்று சில பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. வேர் தேடும் சிலர் பழைய கப்பற் பதிவேடுகளைப் புரட்டிப் பாட்டனாரின் சிற்றூரைத் தேடி நம் மாவட்டங்களுக்கும் வருகின்றனர்.

அப்படி ஒருவர் வந்து கேட்டால், விடை சொல்ல நம்மிடம் என்ன உண்டு? கடல் கடந்தவர்கள் இழந்ததை, கடக்காத நாமும் இழந்துகொண்டிருக்கிறோம். உங்கள் கொள்ளுப்பாட்டனார் பெயரும், அவருடன் பிறந்தோர் பெயரும், அவர் பிறந்த ஊரும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வையுங்கள். தேடி வரும் உறவுக்கு அந்த ஓர் ஏடு போதும்.