கஜக் கணக்கு

கொடைக்கானல், அக்டோபர் 4, சனிக்கிழமை

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை அடிப்பதற்குப் படும் பிரயாசையில் பாதியாவது, அடிப்பதற்கு முன்னால் கொடிக்கம்பம் எத்தனை கஜத்தில் நிற்கிறது என்பதை நிச்சயிப்பதற்குப் பட வேண்டியிருக்கிறது என்ற உண்மையை, சமவெளி மைதானங்களில் ஆடிப் பழகியவர்கள் எங்கள் மலைக்கு வந்த முதல் நாளிலேயே தெரிந்துகொண்டு விடுகிறார்கள். 1895-ல் ஆரம்பிக்கப்பட்ட இந்தக் கிளப்பின் மைதானம் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைந்த இவ்வுயரத்தில், சென்னையில் 150 கஜம் போகிற அடி பத்துப் பன்னிரண்டு கஜம் கூடுதலாகப் பறந்து, கிரீனைத் தாண்டிப் பின்புறச் சரிவில் போய் விழுகிறது. நிலமோ ஓரிடத்திலும் மட்டமாக இல்லை. மேடு மறைத்தால் கொடி தெரிவதில்லை. கொடி தெரிந்தால் அடுத்த க்ஷணம் மேகம் வந்து மூடிக்கொள்கிறது. இரண்டு உபத்திரவமும் இல்லாத நாட்களில் காட்டுமாடுகள் நடுவழியில் வந்து நின்று, தாங்கள் புறப்படும் வரையில் மனிதர்கள் காத்திருப்பதுதான் முறை என்ற அபிப்பிராயத்துடன் நம்மைப் பார்க்கின்றன.

கண்ணால் பார்த்தே தூரத்தைச் சொல்வதுதான் ஆட்டக்காரனுக்கு அழகு என்று பழைய தலைமுறையினர் நினைத்திருந்தார்கள். 1961-ல் பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியின்போது, டீன் பீமன் என்ற சக ஆட்டக்காரர் கூறிய யோசனையை ஏற்று, ஜாக் நிக்லாஸ் மைதானத்தைக் காலடியால் அளந்து குறித்து வைத்துக்கொண்டார். பட்டத்தையும் அவரே வென்றார். அதற்குப் பிறகு கண் மதிப்பைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களின் குரல் மெல்ல மெல்ல அடங்கிப் போயிற்று.

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் என் அண்ணன் மகன் தீபாவளிக்கு வருகிறான். “சித்தப்பா, கையில வச்சுக்கிற மாதிரி ஒரு ஜி.பி.எஸ். வாங்கிட்டு வரேன், எது வேணும்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க” என்று கூறி, நாலைந்து சாதனங்களின் விவரங்களையும் அனுப்பியிருக்கிறான். விலையைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால், ஆசையாகக் கொடுப்பதை மறுத்தால் பிள்ளையின் மனம் கஷ்டப்படுமே என்ற நியாயம் சமயத்தில் கைகொடுத்தது.

அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை

தூரம் சொல்லும் சாதனங்களில் இரண்டு ஜாதிகள் உண்டு. லேசர் என்பது, கண்ணில் வைத்துக் கொடிக்கம்பத்தைக் குறி பார்த்துப் பொத்தானை அழுத்தினால், இங்கிருந்து போன ஒளி அங்கே பட்டுத் திரும்புவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுவது. ஜி.பி.எஸ். என்பது, குறி பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல், நாம் நிற்கும் ஸ்தானத்தை வானத்துச் செயற்கைக் கோள்களிடமிருந்து தெரிந்துகொண்டு, தன் ஞாபகத்தில் சேமித்திருக்கும் படத்தில் கிரீன் எங்கே இருக்கிறதென்று பார்த்து, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சொல்வது. துல்லியம் ஒன்றையே கருதினால் லேசருக்குத்தான் முதல் ஸ்தானம். தெளிந்த வானமும் நடுங்காத கையும் இருந்தால் ஒரு கஜம்கூடப் பிசகாது.

அந்த இரண்டு நிபந்தனைகளும் இன்று காலை பூர்த்தியாகவில்லை. என்னுடன் ஆடும் டாக்டர் நண்பர், வைத்தியத்திலிருந்து ஓய்வு பெற்றவரே அன்றிக் கருவிகள் வாங்குவதிலிருந்து ஓய்வு பெறாதவர், தம்முடைய புது லேசரை உறையிலிருந்து எடுத்து, நடுக்கம் தெரியாமலிருக்க முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் கொடியை நோக்கினார். சைப்ரஸ் மரங்களுக்கு நடுவிலிருந்து புறப்பட்ட மேகம் அப்பொழுதுதான் மைதானத்தில் இறங்கிக் கொண்டிருந்தது. முதல் அழுத்தலில் திரையில் வெறும் கோடுகள் வந்தன. இரண்டாவதில், கொடி 17 கஜத்தில் இருப்பதாகக் கருவி சொல்லிற்று. ஒளி மேகத்துளிகளில் பட்டே திரும்பியிருக்கிறது. பக்கத்தில் பையைச் சுமந்து நின்ற கேடி, சிரிப்பை முகத்தில் காட்டாமல், “கொடி கிட்ட வந்துடுச்சு போல சார். எதுக்கும் ஆறாம் நம்பரே போடுங்க” என்றான். டாக்டர் ஆறாம் நம்பர் அயர்னையே எடுத்தார். பந்து கிரீனில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

ஆகவே இந்த மலைக்கு லேசர் சரிப்படாது என்பது எனக்குத் தீர்மானமாகிவிட்டது. மேகம் ஒளியை மறிக்கும். கோள்களிலிருந்து வரும் ரேடியோ அலைக்கு மேகம் ஒரு பொருட்டே அல்ல. மேட்டுக்கு அப்பால் மறைந்திருக்கும் கிரீனையும் குறி பார்க்க முடியாது. படத்தில் இருந்தால் ஜி.பி.எஸ். சொல்லிவிடும்.

அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை

நாள் முழுதும் மழை. வீட்டிலிருந்தபடியே, இந்தக் கையடக்கக் கருவிக்குப் பின்னால் இருக்கும் பிரம்மாண்டமான ஏற்பாட்டைப் பற்றிப் படித்துக் கொண்டிருந்தேன்.

அமெரிக்க ராணுவ இலாகா 1973-ல் திட்டமிட்டு, 1978-ல் முதல் கோளை அனுப்பி, 1995-ல் பூர்த்தி செய்த ஏற்பாடு அது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. அந்தக் கோள் “இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது” என்று இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே போகிறது. அறிவிப்பு வந்து சேர எடுத்த காலத்தைக் கொண்டு நம் கருவி தூரத்தைக் கணிக்கிறது. மூன்று கோள்கள் நாம் இருக்கும் ஸ்தலத்தைச் சொல்லிவிடும். ஆனால் நம் கையிலுள்ள சாதனத்தின் மலிவான கடிகாரத்தை நம்ப முடியாதாகையால், அதன் பிழையைத் திருத்துவதற்கென்று நான்காவது கோள் ஒன்றும் தேவைப்படுகிறது.

ஐன்ஸ்டீனின் சித்தாந்தப்படி, பூமியின் ஈர்ப்பு குறைந்த அவ்வுயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. அதிவேகமாகச் சஞ்சரிப்பதால் சிறிது மந்தமாகவும் ஓடுகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் நாளொன்றுக்கு 38 மைக்ரோ செகண்டு முந்துகிறது. இதைச் சரி செய்யாமல் விட்டால் ஒரே நாளில் கணக்கு பத்துக் கிலோமீட்டர் அளவுக்குப் பிசகிவிடும். இதைப் படித்தபோது, இதே ஊரில் மலையுச்சியிலுள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தின் ஞாபகம் வந்தது. அங்கே 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் ஓடும் விதத்தைக் கண்டறிந்த ஜான் எவர்ஷெட், பிற்காலத்தில் சூரிய ஒளியின் வர்ணக் கோடுகள் சிவப்புப் பக்கமாக நகர்வதை அளப்பதில் வருஷக்கணக்காக உழைத்தார். ஈர்ப்பினால் காலம் மாறுபடுகிறது என்ற அதே சித்தாந்தத்தின் பரீட்சைதான் அது. அவருக்கு அது தவம். எனக்கோ ஏழாம் நம்பரா, எட்டாம் நம்பரா என்ற கேள்விக்குப் பதில்.

2000-ம் வருஷம் மே மாதம் வரையில் அமெரிக்கர்கள் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அந்தப் பிழை 100 மீட்டர் அளவுக்குப் போகக்கூடும். என் போன்றவர்களுக்கு அது ஒன்பதாம் நம்பர் அயர்னுக்கும் டிரைவருக்கும் உள்ள வித்தியாசம். ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவினால் அந்தக் கலப்படம் நின்ற பிறகுதான் கோல்ஃப் ஆட்டக்காரனுக்கு வானத்தில் ஒரு பங்கு கிடைத்தது. இப்பொழுது திறந்த வெளியில் பிழை மூன்று நான்கு மீட்டருக்குள் அடங்குகிறது. நனைந்த மரக் கூட்டத்தின் அடியில் சற்றுக் கூடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. விலை உயர்ந்த கருவிக்கும் மலிவான கருவிக்கும் கோள்கள் ஒன்றே. விளம்பரத்தில் எத்தனை கோள்களைப் பிடிக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், நாம் காசு கொடுத்து வாங்குவது உண்மையில் வேறொன்றை.

அக்டோபர் 13, திங்கட்கிழமை

அந்த வேறொன்று, படம். மைதானத்தில் கிரீனின் முன்னோரம் எங்கே, பின்னோரம் எங்கே, மணல் பங்கர் எங்கே என்று யாரோ ஒருவர் குறித்து வைத்த அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கு. அவர் சரியாகக் குறித்திருந்தால் கருவி சத்தியம் பேசும். தவறாகக் குறித்திருந்தால், அணுக் கடிகாரங்கள் அத்தனையும் சேர்ந்து அந்தப் பொய்யை மிகத் துல்லியமாக நமக்குச் சொல்லும்.

இந்தப் படம் தயாரிப்பதில் கம்பெனிக்குக் கம்பெனி சம்பிரதாயம் மாறுகிறது. ஸ்கைகேடி கம்பெனியார், ஆட்களை அனுப்பி மைதானங்களைக் காலால் நடந்து அளப்பதைத் தங்கள் விசேஷமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கு ஈடாக வருஷந்தோறும் சந்தா கேட்கிறார்கள். கார்மின் கம்பெனியார் உலகெங்குமுள்ள 40,000-க்கு மேற்பட்ட மைதானங்களைக் கருவியிலேயே நிரப்பித் தருகிறார்கள். அடிப்படைப் படத்துக்குச் சந்தா இல்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த புகைப்படங்களின் மேல் கோடு இழுத்துப் படம் தயாரிப்பதும் இத்தொழிலில் உண்டு. மரங்களின் நிழல் விழுந்த கிரீனை மேலிருந்து பார்த்து ஓரத்தை நிர்ணயிப்பது எவ்வளவு கஷ்டமென்று சொல்ல வேண்டியதில்லை.

கிளப்பில் ஒருவரிடம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியின் பழைய கைக்கருவி இருக்கிறது. மாலையில் அதை இரவல் வாங்கிக்கொண்டு போய் எளிய பரீட்சை ஒன்று செய்தேன். கிரீனின் முன்னோரத்தில், கத்தரித்த புல்லும் கத்தரிக்காத புல்லும் சேரும் கோட்டில் பாதத்தை வைத்துக்கொண்டு நின்றால், முன்னோரத்துக்குள்ள தூரம் பூஜ்யம் என்றோ, மிஞ்சினால் மூன்று நான்கு என்றோ காட்ட வேண்டும். கருவி 11 என்று காட்டிற்று. கோள்களின் பிழையாக இருக்கலாம் என்று பொறுமையுடன் சிறிது நேரம் நின்று பார்த்தேன், எண் மாறவில்லை. பின்னோரத்துக்குப் போனேன், அங்கும் அதே திசையில் அதே அளவு பிசகு. படத்தில் கிரீன் முழுவதுமே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த கிரீனில் கணக்கு ஒழுங்காக இருந்தது. ஒன்றில் நம்பகமாகவும் ஒன்றில் மோசமாகவும் பேசுகிறவனை எப்படி நம்புவது?

முன்னோரம், நடு, பின்னோரம் என்று மூன்று எண்களும் ஏன் வேண்டும் என்று புதியவர்கள் கேட்கிறார்கள். கிரீன் முன்னிருந்து பின்னுக்கு 30 கஜம் இருக்கலாம். மட்டைக்கு மட்டை வித்தியாசம் சுமார் 10 கஜம். நடுவுக்குள்ள தூரத்தை மாத்திரம் தெரிந்துகொண்டு அடித்தால், முன்னால் நட்ட கொடிக்கும் பின்னால் நட்ட கொடிக்கும் ஒரே மட்டையை எடுத்துக்கொண்டு நிற்போம். கொடி அன்றைக்கு எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பது ஜி.பி.எஸ்ஸுக்குத் தெரியாது, அதை நாம்தான் பார்த்து, மூன்று எண்களுக்கு நடுவே புத்தியால் நிதானிக்க வேண்டும்.

அக்டோபர் 15, புதன்கிழமை

விதிகளைப் புரட்டினேன். தூரமளக்கும் கருவிகளுக்கு 2006-லிருந்து, அந்தந்தப் போட்டிக் கமிட்டி சம்மதித்தால் இடம் உண்டு என்ற நிலை இருந்தது. 2019-ல் அது தலைகீழாகி, கமிட்டி தடுத்தாலொழிய அனுமதி உண்டு என்றாயிற்று. 2021-ல் கியாவா தீவில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில், ஆண்களுக்கான பெரும் போட்டி ஒன்றில் முதல் தடவையாக அவற்றை அனுமதித்தார்கள். ஆயினும் கருவி தூரத்தை மாத்திரம் சொல்லலாம். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து சொல்லக் கூடாது.

எங்கள் மைதானத்திலோ ஏற்ற இறக்கந்தான் சகலமும். கிரீன் 10 கஜம் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 10 கஜம் கூட்டிக்கொண்டு அடிக்க வேண்டும். மட்டக் கணக்கை மட்டும் சொல்லும் ஜி.பி.எஸ்., “140” என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். அங்கேதான் கேடி வாய் திறக்கிறான். “மேட்டுக்கு ஒரு நம்பர் கூட்டிக்குங்க சார், எதிர்க்காத்து வேற” என்று அவன் சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. யந்திரம் சொன்னால் அபராதம், மனிதன் சொன்னால் ஆட்டம் என்ற இந்த ஏற்பாட்டில் எனக்குப் பூரண சம்மதமே; இந்த மலையில் பையைச் சுமந்தே சரிவுகளைப் படித்தவர்களின் ஜீவனத்தை இது கொஞ்சம் காப்பாற்றுகிறது.

சில்லறை விஷயங்களும் உண்டு. தொடுதிரை அழகாக இருக்கிறது. ஆனால் ஈரக் கையுறையுடன் தொட்டால் கேட்பதில்லை, மழைத் துளி பட்டால் கேட்காததையும் செய்கிறது. ஆகையால் பொத்தான்களே உத்தமம். தண்ணீர்த் தடைக்கு ஐ.பி.எக்ஸ். 7 என்ற தரம் இருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். எங்கள் அக்டோபருக்கு அது போதும். கைக்கடிகார வடிவம் சௌகரியந்தான் என்றாலும், வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்து, கழற்றிவிட்டுப் பந்தை அடிப்பது இரட்டை வேலை. கைப்பேசியிலேயே இந்தச் செயலிகள் கிடைக்கின்றனவே என்றால், பந்தை அடிக்கக் கையை ஓங்கும்போது அதில் யாராவது கூப்பிடுவார்கள்.

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை

அண்ணன் மகனுக்கு என் முடிவைச் சொல்லிவிட்டேன். வர்ணப் படமும் வேகமானியும் கொண்ட பெரிய கருவி வேண்டாம். வருஷச் சந்தா உள்ளது வேண்டாம். பொத்தான்கள் உள்ளதாய், வெயிலில் தெளிவாகத் தெரியும் பெரிய எழுத்தில் மூன்று எண்களை மட்டும் காட்டுவதாய், இந்த மைதானத்தின் படத்தைச் சமீபத்தில் புதுப்பித்ததாய் ஒரு நடுத்தரக் கருவி போதும். “படம் எப்பப் புதுப்பிச்சதுன்னு கடைக்காரருக்கே தெரியலையே சித்தப்பா” என்றான். “தெரிஞ்சவர் கடையில வாங்கு” என்றேன்.

இத்தகைய கருவியை வாங்க உத்தேசிக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கட்டிவிடாமல், அதே கருவியை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு மாலை நேரத்துக்கு அதை இரவல் வாங்குங்கள். அடிக்கத் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே திறந்த வெளியில் வைத்து உயிர்ப்பித்துவிடுங்கள், ஏனெனில் கோள்களின் முழு அறிவிப்பும் வந்து சேரவே பன்னிரண்டரை நிமிஷம் பிடிக்கும். பிறகு நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தில் நாலைந்து கிரீன்களின் முன்னோரத்தில் நின்று எண்ணைப் பாருங்கள். ஐந்து கஜத்துக்கு மேல் பிசகுகிற கருவியை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.